ஆளுக்கு மேல தண்ணி

கொங்கு நாட்டில் ஒரு பையன் நீச்சல் பழக ஆசிரியர் தேவையில்லை. காய்ந்த சுரைப்புருடை ஒன்று, அது இல்லாவிட்டால் லாரி டயரின் பழைய ட்யூப், இடுப்பில் கட்ட ஒரு கயிறு, மேலே நின்று அதைப் பிடித்துக்கொள்ள ஒரு மாமன். நான்கு நாள் கழித்துச் சுரைப்புருடையை அவிழ்த்துவிடுவார்கள். ஐந்தாம் நாள் மாமன் பின்னாலிருந்து தள்ளிவிடுவார். பையன் தண்ணீர் குடித்து, இருமி, கையைக் காலை உதறிப் படிக்கட்டைப் பிடித்துவிட்டால் அவனுக்கு நீச்சல் வந்துவிட்டது. அதன் பிறகு சித்திரை முழுக்க அவன் கிணற்றில்தான் கிடப்பான். மேட்டிலிருந்து பல்டி, மோட்டார் ரூம் கூரையிலிருந்து சொருவு, அடிமண் எடுத்து வரும் பந்தயம். என் கணவர் பெருந்துறைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இப்படித்தான் பழகினார். எழுபதடி ஆழமுள்ள, பாறை வெட்டிய சதுரக் கிணறு. மண் எடுத்துவருவதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று எங்கள் கல்யாணமான முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டார்.

எங்கள் வீட்டிலும் கிணறு இருந்தது. காங்கேயத்துக்கு அந்தப் பக்கம். அதில் என் அண்ணன்கள் குதித்தார்கள், பங்காளி வீட்டுப் பையன்கள் குதித்தார்கள். பெண்பிள்ளைகள் தொட்டித் தண்ணீரில் குளித்தோம். கிணற்று மேட்டுக்குப் போகக்கூடாது என்பது எங்களுக்குச் சட்டம். அந்தச் சட்டம் 1986 ஆடி மாதத்தில் வந்தது.

அம்மாவின் தங்கை, எங்கள் சின்னம்மா, கல்யாணமான முதல் ஆடிக்குப் பிறந்த வீட்டுக்கு வந்திருந்தாள். ஒருநாள் விடியற்காலையில் கிணற்றில் கிடந்தாள். தண்ணீர் சேந்தப் போய்த் தவறி விழுந்துவிட்டாள் என்று எல்லோரும் சொன்னார்கள், எழுதியும் கொடுத்தார்கள். குடமும் கயிறும் மேட்டின் மேலேயே இருந்தன. குடம் நனையவே இல்லை. எனக்கு அப்போது ஆறு வயது. குடத்தை நான் பார்த்தேனா, பிறகு யாரோ தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டதைக் கேட்டுப் பார்த்ததுபோல் ஆக்கிக்கொண்டேனா, இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவளைத் தூக்கியவர்கள் என் மாமன்மார் இருவர். அந்த வட்டாரத்தில் அவர்களைப்போல முங்கி நீந்த ஆள் கிடையாது.

அன்றிலிருந்து வீட்டில் பெண்களுக்குக் கிணறு மூடப்பட்டது. பெண்களுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கொஞ்சம் பெரியவளானபோது அம்மாவிடம் ஒரு தடவை கேட்டேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்: “நீச்சல் தெரிஞ்சவளுக்குக் கெணத்துல சாவு வராது, கண்ணு.” அதில் இருந்தது ஆறுதலா, குற்றச்சாட்டா, ஏதோ ஒரு கதவை அடைத்துவிடக் கூடாது என்ற பயமா என்று வெகுநாள் யோசித்திருக்கிறேன்.

இங்கிலாந்துக்கு முதுநிலைப் படிப்புக்கு வந்தபோது பல்கலைக்கழக நீச்சல் குளத்தைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்ததோடு சரி. வேலை, கல்யாணம், குழந்தை, வீட்டுக்கடன் என்று வருடங்கள் ஓடின. கடைசியில் என்னைத் தண்ணீரில் இறக்கியது மகள்தான். இந்த நாட்டின் பள்ளிப் பாடத்திட்டத்தில் நீச்சல் கட்டாயம். ஆரம்பப் பள்ளியை முடிக்கும்போது ஒரு பிள்ளை குறைந்தது 25 மீட்டர் நீந்தத் தெரிந்திருக்க வேண்டும். ஒன்பது வயதில் அவள் துணிப் பட்டை ஒன்றைக் கொண்டுவந்து, அதை உடுப்பில் தைத்துத் தரச் சொன்னாள். நான் ஊசி கோர்த்துக்கொண்டிருக்கும்போது, “அம்மா, உனக்கு எத்தனை மீட்டர்?” என்றாள். பூச்சியம் என்றேன். அவளுக்கு அது நம்பமுடியாத செய்தி. எனக்குப் படிக்கத் தெரியாது என்று சொல்லியிருந்தால் எப்படிப் பார்த்திருப்பாளோ அப்படிப் பார்த்தாள்.

பெண்களுக்கு மட்டுமான நேரம் நகராட்சிக் குளத்தில் வாரம் ஒருநாள். முப்பத்தேழு வயதில் போய்ச் சேர்ந்தேன். என்னோடு ஒரு பஞ்சாபிப் பாட்டி, இரண்டு சோமாலியப் பெண்கள், மார்புப் புற்றுநோய் அறுவையிலிருந்து மீண்டுகொண்டிருந்த ஓர் ஆங்கிலேய அம்மா. முதல் மூன்று வாரம் நாங்கள் செய்தது ஒன்றே ஒன்று: விளிம்பைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மூச்சை வெளியே விடுவது. மூச்சைப் பிடிக்காதீர்கள், விடுங்கள் என்று அந்த இளம் ஆசிரியை சொல்லிக்கொண்டே இருப்பாள். தண்ணீருக்குள் போனால் மூச்சை அடக்க வேண்டும் என்றுதான் அதுவரை நான் நினைத்திருந்தேன். உள்ளே காற்றைப் பூட்டி வைத்தால் கரியமிலவாயு சேர்ந்து, இன்னும் மூச்சுவிட வேண்டும் என்ற தவிப்புத்தான் கூடும். குமிழியாக விட்டுவிட்டால், தலையைத் திருப்பும்போது உள்ளே இழுத்தால் போதும். இந்தச் சின்ன விஷயம் பிடிபட எனக்கு ஒரு மாதம் ஆனது. அதற்குப் பின் நீச்சல் வந்தது என்பதைவிட, பயம் மெல்ல இடம் கொடுத்தது என்று சொல்லலாம். ஆறு மாதத்தில் 25 மீட்டர். இரண்டு வருடத்தில் ஒரு கிலோமீட்டர்.

இவர் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களோடு குளத்துக்கு வருவார். தலையைத் தண்ணீருக்கு மேலே நிமிர்த்தி வைத்துக்கொண்டு, இரண்டு கையையும் வீசி வீசி, நுரையும் சத்தமுமாகப் பத்து மீட்டர் போய் நிற்பார். கிணற்று நீச்சல். அதை நான் கேலி செய்யவில்லை. கிணற்றில் எந்தப் பக்கம் போனாலும் நாலு வீச்சில் சுவர் வந்துவிடும்; அங்கே தூரத்துக்கு வேலையே இல்லை. ஆழமும் குதியும்தான் வித்தை. இருபதடி கீழே போய்க் கண்ணைத் திறந்து மண்ணள்ளி வருகிறவனுக்கு, மூச்சைச் சீராகப் பங்கிட்டு அரைமணி நேரம் நீந்துவது தேவைப்பட்டதே இல்லை. இரண்டும் ஒரே தண்ணீரில் நடக்கும் இரண்டு வேறு தொழில்கள். ஆனால் இவருக்கு இரண்டும் ஒன்றுதான். “நாங்க பாக்காத தண்ணியா?” என்பார்.

இப்படி ஒருநாள் பேச்சு முற்றித்தான் வின்டர்மியர் ஏரிக்குப் பேர் கொடுத்தோம்.

வின்டர்மியர் இங்கிலாந்தின் மிகப்பெரிய இயற்கை ஏரி. வடமேற்கே கம்ப்ரியாவில், பனிப்பாறைகள் அரித்துப்போட்ட பள்ளத்தாக்கில், வடக்குத் தெற்காகப் பதினேழு கிலோமீட்டர் நீளத்துக்கு நாடாபோலக் கிடக்கிறது. அகலம் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் எங்கும் இல்லை. ‘மியர்’ என்றாலே ஏரிதான் என்பதால் வின்டர்மியர் ஏரி என்பது நடுசென்டர் மாதிரி. உள்ளூர்க்காரர்கள் வெறும் வின்டர்மியர் என்பார்கள். பனியுகம் முடிந்தபோது பின்தங்கிவிட்ட ஆர்க்டிக் சார் என்ற குளிர்நீர் மீன் அதில் இன்னும் வாழ்கிறது. அந்த மீனுக்குப் பிடித்த தண்ணீரில் காங்கேயத்துக்காரிக்கு என்ன வேலை என்று நானே கேட்டுக்கொண்டேன்.

கிரேட் நார்த் ஸ்விம் என்ற போட்டி 2008 முதல் அங்கே நடக்கிறது. 2010இல் நீலப்பச்சைப் பாசி பெருகியதால் அதை ரத்து செய்தார்கள். கழிவுநீரிலும் வயல்களிலிருந்தும் வந்து சேரும் பாஸ்பரஸ், அதோடு வெயில், இரண்டும் கூடினால் எந்த ஏரியும் பச்சையாகும். நொய்யலைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இது புதிய செய்தியில்லை. கால் கிலோமீட்டரிலிருந்து பத்துக் கிலோமீட்டர் வரை தூரங்கள் உண்டு. நாங்கள் எடுத்தது ஒரு மைல். ஆயிரத்து அறுநூறு மீட்டர். மகள் இருவர் பெயரையும் ஒரே நேரப் பிரிவில் பதிந்தாள். முதலில் கரையேறுபவருக்கு ஒரு வருடம் பாத்திரம் கழுவுவதிலிருந்து விடுதலை என்பது பந்தயம். பந்தயம் பாத்திரத்தைப் பற்றியதல்ல என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

அந்த வாரம் அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன். அம்மா கேட்டது ஒன்றுதான்: “ஆளுக்கு மேல தண்ணியா?”

ஏரியின் மிக ஆழமான இடம் அறுபது மீட்டருக்கு மேல். எங்கள் ஊர்க் கிணறு மூன்றை ஒன்றின்மேல் ஒன்று வைக்கலாம். அதை அம்மாவிடம் சொல்லவில்லை. “படகுல ஆளுக இருப்பாங்கம்மா” என்றேன்.

“உம்மாப்பிள்ளை கூட வருதா?”

“வராருங்கம்மா.”

“அப்பச் செரி” என்றாள் அம்மா. அவருக்கு நீச்சல் தெரியுமே என்று அதற்குப் பொருள்.

நீச்சலுக்குப் போட்டுக்கொள்ளும் வெட்சூட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கழுத்திலிருந்து கணுக்கால் வரை கறுப்பு ரப்பர். அதைப் போட்டுக்கொள்ள இருபது நிமிடமாகும்; காலில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு நுழைத்தால் கொஞ்சம் வழுக்கிக்கொண்டு ஏறும். எந்த உடுப்பைப் போட்டுக்கொண்டு குளத்தில் இறங்குவது என்று வருடக்கணக்கில் கூசிய எனக்கு இது பெரிய வரம். இதில் ஆண் பெண், ஒல்லி பருமன், வெள்ளை கறுப்பு எதுவும் அவ்வளவாகத் தெரியாது. மாமியார் படத்தைப் பார்த்துவிட்டு, “எருமைக்கன்னாட்டம் இருக்கறியே அம்மிணி” என்றார். பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

இங்கே வல்வெட்டித்துறைக்காரர் ஒருவர் எங்கள் குடும்ப நண்பர். போட்டிக்குப் பேர் கொடுத்த செய்தி கேட்டதும் அவர் ஆழிக்குமரன் ஆனந்தனைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். 1971இல் பாக்கு நீரிணையை ஒரே மூச்சில் போய்த் திரும்பி நீந்திய மனிதர். 1984 ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாயை நீந்தும் முயற்சியில் உயிர்விட்டார். “எங்கட கடல் வேற, இஞ்சத்தக் கடல் வேற தங்கச்சி. குளிர் ஆளைத் தின்னும்” என்றார். அதே கால்வாயை 1959இல் கொல்கத்தாவின் ஆரதி சாஹா, ஆசியப் பெண்களில் முதலாவதாக, கடந்தார். 1994இல் சென்னைப் பையன் குற்றாலீஸ்வரன் பன்னிரண்டு வயதில் கடந்தான். அந்தக் குற்றாலீஸ்வரன் படத்தை என் அண்ணன் தினத்தந்தியிலிருந்து கத்தரித்துச் சுவரில் ஒட்டியது நினைவிருக்கிறது. கால்வாய் நீச்சலின் அதிகாரபூர்வ விதிப்படி வெட்சூட் கூடாது. சாதாரண நீச்சலுடையும் தொப்பியும் கண்ணாடியும் மட்டும்தான். நண்பர் சொன்ன குளிரைப் பற்றி நான் எழுதி வைத்துப் படித்தேன். இவர் சிரித்தார்.

ஜூன் மாதத்துச் சனிக்கிழமை. கரையில் கரும்பலகையில் தண்ணீர் 15 பாகை என்று எழுதியிருந்தார்கள். எங்கள் ஊரில் மார்கழி விடியலில்கூடக் கிணற்றுத் தண்ணீர் வெதுவெதுப்பாக ஆவி பறக்கும். கணுக்காலில் நேரம் குறிக்கும் சில்லு. தலையில் பிரிவுக்கு ஒரு நிறத் தொப்பி, எங்களுக்கு ஆரஞ்சு. நூற்றுக்கும் மேற்பட்ட ஆரஞ்சுத் தலைகள் ஒன்றாக இறங்கின. சங்கு ஒலித்ததும் எல்லாக் கைகளும் கால்களும் ஒரே இடத்தில். முகத்தில் யாரோ உதைத்தார்கள். முகத்தை உள்ளே வைத்தால் வெளிர்பச்சை, அதற்குக் கீழே பழுப்பு, அதற்கும் கீழே ஒன்றுமில்லை. குளத்தில் அடியில் நீலக்கோடு இருக்கும். இங்கே கோடு கிடையாது. ஆறேழு வீச்சுக்கு ஒருமுறை முதலைபோலக் கண்ணை மட்டும் உயர்த்தி மிதவையைப் பார்த்து, மறுபடி முகத்தை இறக்க வேண்டும்.

முதல் மிதவை வருமுன்பே இவர் குரல் கேட்டது. குரல் என்று சொல்ல முடியாது. இழுத்து இழுத்து ஒரு மூச்சு. திரும்பினேன். ஏழெட்டு அடி தள்ளி, தலையை நிமிர்த்தி வைத்து, வாய் திறந்து, கண்ணாடிக்குள் கண் பெரிதாகி. குளிர்ந்த நீர் தோலில் பட்டதும் உடம்பு நம்மைக் கேட்காமலே காற்றை இழுக்கும். அடுத்து மூச்சு தாறுமாறாகும், இதயம் ஓடும். அந்த நேரத்தில் வாய்க்குள் போகும் ஒரு மிடறு தண்ணீர் போதும். நல்ல நீச்சல்காரர்களும் கரைக்குப் பக்கத்திலேயே போய்விடுவது இதனால்தான். ஒன்றிரண்டு நிமிடத்தில் இது தானாகத் தணிந்துவிடும். அதுவரை எதையும் செய்யாமல் மல்லாந்து மிதந்து கிட என்பதுதான் இந்த நாட்டின் உயிர்காப்புப் படகு நிறுவனம் கடற்கரை தோறும் எழுதிப்போடும் ஒரே அறிவுரை. 1824இலிருந்து கடலில் ஆட்களைத் தூக்குகிறவர்கள் சொல்வது.

இவர் அதற்கு நேர்மாறாக எல்லாம் செய்துகொண்டிருந்தார். கையை வீசி, காலை உதைத்து, மேலே ஏற ஒரு சுவரைத் தேடுகிறவர்போல. கிணற்றில் பழகிய உடம்பு படிக்கட்டைத் தேடியது.

“மல்லாந்து படுங்க” என்றேன்.

கேட்கவில்லை.

“மாமா. மல்லாந்து படுங்க. காதுல தண்ணி போனாப் போகட்டும்.”

நான் அவரிடம் ஒருமுறைகூட அந்தக் குரலில் பேசியதில்லை. அது என் நீச்சல் ஆசிரியையின் குரல் என்று பிறகு தோன்றியது. அவர் படுத்தார். வெட்சூட்டின் ரப்பரே ஆளைத் தூக்கி வைத்துக்கொள்ளும். சும்மா கிடந்தால் போதும். நானும் பக்கத்தில் மல்லாந்து கிடந்தேன். மற்ற ஆரஞ்சுத் தொப்பிகள் எங்களைச் சுற்றிக்கொண்டு போயின. மேலே மேகம் மலைமுகட்டில் உரசிக்கொண்டிருந்தது. கயாக்கில் ஒரு பெண் வந்து, கை தூக்குகிறீர்களா என்றாள். கை தூக்கினால் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். பிடித்துக்கொண்டு இளைப்பாறினால் குற்றமில்லை. இவர் கயாக்கின் மூக்கைப் பிடித்துக்கொண்டார். மூச்சு மெல்ல மெல்ல ஒழுங்குக்கு வந்தது.

“நீ போ” என்றார்.

“இருக்கறேன்.”

“போ பாப்பா. அவங்க இருக்காங்கல்ல. நான் மெதுவா வர்றேன்.”

அந்தக் கணத்தைப் பற்றிப் பிறகு பலரிடம் பேசியிருக்கிறேன். ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் சிலருக்கு நான் போனது பிடிக்கவில்லை. புருஷனை ஏரியில் விட்டுவிட்டுப் போனவள் என்று கேலியாகச் சொல்வார்கள். கேலிக்குள் ஒரு முள்ளும் இருக்கும். எனக்கு அதில் குழப்பமில்லை. அவரைத் தூக்கும் பலம் எனக்கில்லை, அதைத் தெரிந்த ஒருத்தி கயாக்கில் இருந்தாள். நான் பக்கத்திலேயே கிடந்திருந்தால் அவர் என் முன்னால் கை தூக்க வெட்கப்பட்டு, தேவைப்பட்டபோதும் தூக்காமல் இருந்திருப்பார். பதினெட்டு வருடம் கூட வாழ்ந்த ஆளைப் பற்றி இதுகூடத் தெரியாதா?

போனேன். முதல் சில நூறு மீட்டர் நீந்தினேன் என்று சொல்ல முடியாது, எண்ணினேன். மூன்று வீச்சு, மூச்சு. மூன்று வீச்சு, மூச்சு. நடு ஏரியில் ஒரு தடவை கீழே பார்த்தேன். என்ன நினைத்தேன் என்று எழுதினால் அலங்காரமாகிவிடும். சின்னம்மாவின் முகம் எனக்கு நினைவில்லை, அவளுடைய கல்யாணப் படத்தைக்கூட வீட்டில் எடுத்துவிட்டார்கள். ஆனால் கீழே பழுப்புக்குள் பார்த்துக்கொண்டே மூச்சை விட்டேன். குமிழிகள் காதோரம் மேலே போயின. பிறகு தலையைத் திருப்பி இழுத்தேன். அப்போது மிதவைக்குப் பக்கத்தில் வந்துவிட்டிருந்தேன், திரும்ப வேண்டியிருந்தது.

நாற்பத்தேழு நிமிடத்தில் கரையேறினேன். கால் தரையில் நிற்கவில்லை. மகள் துண்டோடு நின்றவள், “அப்பா எங்கே?” என்றாள். இருவரும் ஆரஞ்சுத் தொப்பிகளை எண்ணிக்கொண்டு நின்றோம். தூரத்தில் எல்லாத் தலையும் ஒன்றுபோல இருக்கும். அந்த இருபத்திரண்டு நிமிடத்தைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை.

அவர் வந்தார். அதே கயாக் பத்தடி தள்ளிக் கூடவே வந்தது. தலையை நிமிர்த்தி, கையை வீசி, கிணற்று நீச்சலிலேயே முழு மைலையும் நீந்தியிருந்தார். கழுத்துக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போது நினைத்தாலும் வலிக்கிறது. கரையேறியதும் உடம்பு நடுங்கத் தொடங்கியது. தண்ணீரை விட்டு வெளியே வந்த பிறகும் சிறிது நேரம் உடம்பின் உள்வெப்பம் இறங்கிக்கொண்டே போகும். உடனே சூடான நீரில் நிற்கக்கூடாது, ஈரத்தைக் கழற்றி, அடுக்கடுக்காகப் போர்த்தி, இனிப்பாகக் குடிக்கக் கொடுக்க வேண்டும். ஃபிளாஸ்கில் சுக்குக் காப்பி கொண்டுபோயிருந்தேன். பனைவெல்லம் லண்டனில் ஒரு நண்பர் அனுப்பியது. டம்ளரைப் பிடிக்க அவர் கை ஒத்துழைக்கவில்லை. மகள் பிடித்துக் கொடுத்தாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் எம்6 நெடுஞ்சாலையில் அவர் பேசவில்லை. பிரஸ்டன் தாண்டியதும், “அந்த மூச்சு விடறத எனக்குஞ் சொல்லிக்குடு” என்றார். சரி என்றேன். வேறெதுவும் பேசவில்லை. பாத்திரத்தை இந்த வருடம் அவர்தான் கழுவுகிறார். ஊரிலிருந்து தொலைபேசி வந்தால் குழாயை மூடிவிட்டு எடுப்பார். பங்காளிகளிடம் இரண்டு பேரும் முடித்துவிட்டோம் என்கிறார். அது உண்மைதான்.

அம்மாவிடம் ஞாயிற்றுக்கிழமை பேசினேன். எவ்வளவு நேரம் ஆச்சு, கால் இழுத்துக்கவில்லையா, பாம்பு கீம்பு இல்லையா என்றெல்லாம் விசாரித்தாள். பிறகு கொஞ்ச நேரம் சத்தமில்லை. இணைப்புப் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

“ஏங்கண்ணு, தண்ணிக்குள்ள மூஞ்சிய வெச்சுட்டு மூச்சு எப்படி?”

“உள்ள இருக்கறப்ப விடோணும்மா. மேல வந்து இழுத்துக்கோணும்.”

“உள்ள விட்டா வாய்க்குள்ள தண்ணி வராதா?”

“வராதும்மா. விட்டுட்டே இருந்தா வராது.”

அம்மா சமையலறையில்தான் இருந்தாள். குக்கர் சத்தம் கேட்டது. அதை அணைத்துவிட்டு வந்தாள். “எப்படி விடோணும், சொல்லு” என்றாள். நான் தொலைபேசியில் ஊதிக் காட்டினேன். எழுபத்திரண்டு வயதில் அம்மா அந்தப் பக்கத்திலிருந்து ஊதினாள். அவசரமாக இருந்தது. “மெதுவாம்மா, இன்னும் மெதுவா” என்றேன்.